இந்திராநகர்ல உக்காந்து நிதானமா பேசற மாதிரி ப்ரூவரி எது நல்லா இருக்கும்?

கோவை_சரவணம்பட்டி
எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை லீவுக்கு என் மச்சான் அவன் ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேரோட கோயமுத்தூர்ல இருந்து வர்றான். நான் இருக்கறது சி.வி.ராமன் நகர், பெங்களூருக்கு புதுசு, இந்திராநகர் பக்கத்துலதான்னாலும் எந்த இடம் எப்படின்னு இன்னும் பிடிபடல. அவங்களுக்கு ஊர்ல டாஸ்மாக் பாட்டில் பீர் தான் பழக்கம், அதனால கடையிலயே காய்ச்சி ஊத்தற பீர் ஒரு தடவையாவது குடிச்சு பாக்கணும்னு ஒரே ஆசை. காதுக்கு பக்கத்துல ஸ்பீக்கர் அலறக்கூடாது, ரொம்ப நாள் கழிச்சு பாக்கறோம், பேசணும். ஒருத்தன் குடிக்கவே மாட்டான், சைவம் வேற. கார் எடுத்துட்டு போலாமா இல்ல மெட்ரோவா? கொஞ்சம் விவரமா சொல்லுங்கப்பா.

அல்சூர்_பையன்
ப்ரோ, முதல் தடவைன்னா யோசிக்கவே வேண்டாம், நூறடி ரோட்ல டாய்ட். 2010-ல ஆரம்பிச்சது, பெங்களூர்ல இந்த மைக்ரோப்ரூவரி பழக்கமே வேர் பிடிச்ச காலத்துல வந்த கடை, இன்னிக்கும் அந்த தரத்த விடல, அதுக்காகவே எனக்கு அந்த இடத்து மேல தனி மரியாதை. ஆனா எப்ப போறீங்கங்கறதுதான் எல்லாமே. வெள்ளி, சனி ராத்திரி 8 மணிக்கு மேல போனா வாசல்லயே நிக்கணும், உள்ள போனாலும் பக்கத்துல இருக்கறவன் பேசறது கேக்காது. சாயங்காலம் 5 மணிக்குள்ள போய் மாடியில இடம் பிடிச்சிடுங்க, வெளிச்சம் இருக்கும், காத்து வரும், நல்லா பேசலாம்.

என்ன குடிக்கறதுன்னா, முதல்ல வைஸ் சொல்லுங்க. அது கோதுமை பீர், வாழப்பழமும் லவங்கமும் கலந்த மாதிரி ஒரு வாசம் வரும், யாரும் எசென்ஸ் எதுவும் ஊத்தறதில்ல, அந்த ஈஸ்ட் புளிக்கும்போது தானா வர்ற வாசம் அது. வடிகட்டாம தர்றதால கலங்கலா இருக்கும், உங்க மச்சான் கெட்டுப்போச்சோன்னு பயந்துட போறாரு, முன்னாடியே சொல்லி வைங்க. அப்புறம் டின்டின்னு ஒன்னு, பெல்ஜியம் பாணி, அந்த வகையில கொத்தமல்லி விதையும் ஆரஞ்சு தோலும் போட்டு காய்ச்சறது வழக்கம், நம்ம நாக்குக்கு ரொம்ப ஒத்துப்போகும். பாஸ்மதி ப்ளாண்ட்னு பாஸ்மதி அரிசி போட்டு ஒன்னு பண்றாங்க, லேசா இருக்கும். கசப்பு பிடிக்கும்னா மட்டும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) பக்கம் போங்க, கசப்பு தர்ற ஹாப்ஸ்ங்கற பூ தூக்கலா இருக்கும், பாட்டில் பீர் குடிச்சு பழகினவங்க முதல் வாயிலயே முகம் சுளிப்பாங்க, அதனால அத கடைசியில வச்சுக்கோங்க. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் சின்ன க்ளாஸ்ல தருவாங்க, அத முதல்ல கேளுங்க.

பாட்டில் பீர் மாசக்கணக்கா கடையில நிக்கணும்னு சூடு பண்ணி பதப்படுத்தி அடைச்சு வர்றது. இது பின்னாடி டேங்க்ல இருந்து நேரா குழாய்க்கு வர்றது. அந்த வித்தியாசம் குடிச்சா மட்டும்தான் தெரியும், எழுதி காட்ட முடியாது.

பைப்லைன்_ரோடு_மணி
டாய்ட் நல்ல கடைதான், ஒத்துக்கறேன். ஆனா பேசணும்னா நான் மெக்ராத் ரோட்ல ஆர்பர் தான் சொல்வேன். அமெரிக்காவுல மிச்சிகன்ல இருக்கற ஆன் ஆர்பர் ஊரு கம்பெனி, இங்க 2012-ல திறந்தாங்க. ரேஜிங் எலிஃபன்ட்னு அவங்க ஐபிஏ, பெங்களூர்ல நான் குடிச்ச ஐபிஏ-லயே எனக்கு அதுதான் முதல் இடம், அல்சூர் தம்பி ஐபிஏ-வ கடைசிக்கு தள்ளினது எனக்கு மனசுக்கு ஆகல 🙂 கோதுமை பீர் வேணும்னா அங்க பெங்களூர் ப்ளிஸ் இருக்கு.

இன்னொன்னு, பெங்களூர் வந்துட்டு பெக்கோஸ் பாக்காம போகக்கூடாது. பிரிகேட் ரோட் பக்கத்துல ரெஸ்ட் ஹவுஸ் ரோட், 1989-ல இருந்து இருக்கு. அங்க ப்ரூவரி எல்லாம் கிடையாது, குழாய்ல பிடிச்சு தர்ற சாதா ட்ராஃப்ட் பீர், குறுகலான மாடிப்படி, சுவர் முழுக்க ராக் போஸ்டர், பழைய ராக் பாட்டு. ஐடி கம்பெனி எல்லாம் வர்றதுக்கு முன்னாடி இந்த ஊரு பப் கல்ச்சர் எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க அதவிட நல்ல இடம் இல்ல. விலையும் ப்ரூவரிய விட கம்மி. சத்தம் இருக்கும், அதனால மத்தியானம் போங்க.

ஜீவன்பீமாநகர்_அக்கா
தம்பி, குடிக்காத பையனையும் சைவத்தையும் யாருமே கண்டுக்கல பாருங்க. நானும் குடிக்கமாட்டேன், ஆனா என் டீமோட இந்த இடத்துக்கெல்லாம் போயிருக்கேன். டாய்ட்ல விறகு அடுப்பு பீட்சா நல்லா இருக்கும், சைவத்துக்கு தாராளமா வகை உண்டு. குடிக்காதவங்களுக்கு வெறும் கோக் மட்டும் வாங்கி குடுத்துட்டு மூணு மணி நேரம் உக்கார வைக்காதீங்க, சாப்பாட்ட முதல்லயே ஆர்டர் பண்ணிடுங்க, அவனும் கூட்டத்துல ஒருத்தனா இருப்பான்.

பாட்டு கேக்கற ஆளுங்கன்னா ஒயிட்ஃபீல்ட்ல விண்ட்மில்ஸ் இருக்கு, அவங்களே பீர் காய்ச்சறாங்க, சுவர் முழுக்க புத்தகம், ஜாஸ் கச்சேரி தனி டிக்கெட்ல நடக்கும். தூரம் ஜாஸ்தி, ஆனா குடும்பத்தோட போக நிம்மதியான இடம்.

பில்லுல ஒன்னு கவனிங்க. சர்வீஸ் சார்ஜ் கட்டாயம் கிடையாது, வேண்டாம்னு சொன்னா எடுத்துடணும். சர்வ் பண்ணவங்க நல்லா கவனிச்சா அவங்க கையில நேரா குடுத்துடுங்க, நான் அப்படித்தான் செய்வேன்.

பன்னெண்டாவது_மெயின்_குடித்தனம்
நான் இந்திராநகர்லயே குடியிருக்கறவன், எங்க தெருவுக்கு ரெண்டு பக்கமும் பார் தான். வர்றவங்க மேல எனக்கு கோபம் எல்லாம் இல்ல, ஆனா ராத்திரி ஒரு மணிக்கு வீட்டு கேட் முன்னாடி நின்னு கேப்புக்காக கத்தி பேசறத மட்டும் தயவு செஞ்சு பண்ணாதீங்க, எங்கப்பாவுக்கு வயசாச்சு, முழிச்சிட்டா மறுபடி தூங்கமாட்டார். கேப்ப நூறடி ரோட்டுக்கு வர சொல்லி அங்க ஏறுங்க.

கார் வேண்டவே வேண்டாம். பார்க்கிங் கிடைக்காது, கிடைச்சாலும் திரும்பும்போது போலீஸ் ஊத சொல்வாங்க, முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், இல்ல 6 மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேர்த்தும் போடலாம். 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாலே கேஸ், ரெண்டு க்ளாஸ் பீர்ல அந்த அளவ தாண்டிடலாம். சி.வி.ராமன் நகர்ல இருந்து சாமி விவேகானந்தா ரோட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம், அங்க ஏறினா அடுத்த ஸ்டேஷனே இந்திராநகர். எம்.ஜி.ரோடும் அதே பர்ப்பிள் லைன் தான்.

அல்சூர்_பையன்
அய்யோ, ஒன்ன இப்பதான் பாத்தேன். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, ட்ரை டே! எந்த பாரும் ப்ரூவரியும் ஊத்தமாட்டாங்க. சனிக்கிழமைக்கு மாத்துங்க ப்ரோ. வெள்ளிக்கிழமை காலையில அல்சூர் ஏரிக்கு கூட்டிட்டு வாங்க, கரையில திருவள்ளுவர் சிலை இருக்கு, வருஷக்கணக்கா மூடியே கிடந்து 2009-ல தான் திறந்தாங்க, அப்படியே சோமேஸ்வரர் கோயில், சுத்தி முழுக்க தமிழ் தான் காதுல விழும்.

கோவை_சரவணம்பட்டி
நல்லவேளை சொன்னீங்க! மச்சானுக்கு இப்பதான் போன் போட்டேன், ஞாயிறு ராத்திரி ட்ரெயின் தான், அதனால சனிக்கிழமை தாராளமா இருக்கு. மத்தியானம் பெக்கோஸ் ஒரே ஒரு மக், அப்புறம் மெட்ரோ ஏறி அஞ்சு மணிக்கு டாய்ட் மாடி. மணி அண்ணா, ஆர்பர நான் தனியா ஒரு நாள் வந்து பாக்கறேன், ஐபிஏ எனக்கு பிடிக்குதா இல்லையான்னு இங்கயே வந்து எழுதறேன். அக்கா, பீட்சா முதல்ல சொல்லிடறேன். சனிக்கிழமை அந்த பக்கம் யாராவது இருந்தா சொல்லுங்க, நாலு பேர் டேபிள்தான், ஒரு சேர் இழுத்து போட்டுக்கலாம்.