புதுப்பிப்பு: அப்பாவுக்கு ஏறும் அசைக்ளோவிர் ட்ரிப்ஸ்

போன வாரம் புலம்பியிருந்தேன்: ஹெர்பிஸ் வைரஸால் மூளை அழற்சி வந்து அப்பா புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏற்றும் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து ஏன் ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் இழுக்கிறது என்று. "வேகமா ஏற, ட்ரிப்ஸ் குழாயில இருக்கிற சக்கரத்தைக் கொஞ்சம் திருகிவிடுங்க" என்றவர்களுக்கு: தயவுசெய்து வேண்டாம். கடலூர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் எங்கள் மாமா அதைத்தான் செய்தார். நர்ஸ் அக்கா போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

மருந்து வேகமாக உள்ளே போனால் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்து அடைத்துவிடுமாம். அதனால்தான் குறைந்தது ஒரு மணி நேரம், கூடவே சலைன், சிறுநீர் அளவுக் கணக்கு எல்லாம். நான்காம் நாள் அப்பாவின் கிரியாட்டினின் (சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவின் அளவு) 0.9இலிருந்து 1.7க்கு ஏறியது. டாக்டர் உடனே இடைவெளியை 12 மணி நேரமாக்கினார். இப்போது 1.1, பழையபடி 8 மணி நேரம்.

அப்புறம், ட்ரிப்ஸ் ஏறும் கை ஏன் வீங்குகிறது என்று கேட்டிருந்தீர்கள். இந்த மருந்துக்குக் காரத்தன்மை அதிகம்; ரத்தக் குழாயை விட்டுக் கசிந்தால் சுற்றியுள்ள தசை புண்ணாகிவிடும். எரிகிறது என்றாலே நர்ஸைக் கூப்பிடுங்கள். கலந்த மருந்தை பிரிட்ஜிலும் வைக்கக் கூடாது, அங்கேயும் படிகம்தான். (ஐஸ் பெட்டி வாங்கவா என்று கேட்டவன் நான். சிரிக்காதீர்கள்.)

மொத்தம் 21 நாள், இன்னும் 9 பாக்கி. நேற்று அப்பா என் பெயரைச் சரியாகச் சொன்னார்.