79 வயது, இரைப்பை நெஞ்சுக்குள் ஏறியிருக்கிறது: ஆபரேஷன் செய்யலாமா?

கேள்வி:
அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 7.6. இரும்பு மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. எண்டோஸ்கோபியில் அல்சர் இல்லையாம், பெரிய ஹயாட்டஸ் ஹெர்னியா (உதரவிதான ஓட்டை வழியே இரைப்பை மேலே ஏறுவது) என்கிறார்கள். சிடியில் இரைப்பையின் பாதிக்கு மேல் மார்புக்குள் தெரிகிறது. சாப்பிட்டதும் மூச்சு வாங்குகிறது. இந்த வயதில் கத்தி வைக்கலாமா?

பதில் 1:
ரத்தம் குறைய ஹெர்னியாவே காரணமாகலாம். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் ஓட்டையில் இரைப்பையின் மடிப்புகள் மூச்சுக்கு மூச்சு உரசிப் புண்ணாகும். கேமரான் புண் என்பார்கள். ஸ்கோப்பை உள்ளே திருப்பி அந்த இடுக்கைப் பார்க்காவிட்டால் கண்ணில் படாது. அதற்காகப் பெருங்குடலைப் பார்க்காமலே பழியை இதன்மேல் போட வேண்டாம். பேரியம் குடித்து எடுக்கும் எக்ஸ்ரேயும் தேவை. இரைப்பை முறுக்கியிருக்கிறதா என்று அதில் தெரியும்.

பதில் 2:
வயதை விட இதயம், நுரையீரல், நடமாட்டம்தான் கணக்கு. தொந்தரவே இல்லாதவரைக் கண்காணித்தால் போதும். திடீர் ஆபத்து ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்குத்தான் என்பது பழைய மதிப்பீடு. ரத்தசோகையும் மூச்சிரைப்பும் உள்ளவருக்குக் கண்காணிப்பு மட்டும் பொருந்தாது. தாங்குவார் என்றால் திட்டமிட்டு லேப்ராஸ்கோபியில் செய்வதே நல்லது, அவசரத்தில் செய்தால் ஆபத்து பல மடங்கு.

இரைப்பையை மட்டும் இழுத்துவிட்டால் போதாது, அதோடு மேலேறிய சவ்வான ஹெர்னியாப் பையையும் மார்பிலிருந்து உரித்தெடுக்க வேண்டும். உணவுக்குழாய் இழுபடாமல் 2-3 செ.மீ. வயிற்றுக்குள் நிற்க வேண்டும். பிறகு கரையாத நூலால் ஓட்டையின் இரு பக்கத் தசைத்தூண்களைச் சேர்த்துத் தைப்பார்கள். கடைசியாக இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயைச் சுற்றித் தைப்பார்கள். முதியவர்களுக்குப் பெரும்பாலும் முழுச் சுற்று அல்ல, 270 டிகிரி சுற்றுதான் என் தேர்வு. உணவுக்குழாய் அசைவு பலவீனமாக இருந்தால் 360 டிகிரி முழுச் சுற்றில் சோறு தொண்டைக்குக் கீழே நிற்கும்.

கேட்டவர்:
தைத்த இடத்தைப் பலப்படுத்த வலை வைத்தால் ஹெர்னியா திரும்ப வராதா சார்?

பதில் 2:
வராது என்று சொல்ல முடியாது. 2011-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஏறக்குறைய 5 ஆண்டில், உயிரித்திசு வலை வைத்தவர், வைக்காதவர் இரு பக்கமும் எக்ஸ்ரேயில் பாதிப்பேருக்கு மேல் மறுபடி ஏறியிருந்தது. ஆனால் மறு ஆபரேஷன் தேவைப்பட்டவர் மிகச் சிலரே. செயற்கை வலை உணவுக்குழாயை அரிக்கவும் கூடும். மிகவும் தளர்ந்தவருக்கு இரைப்பையைக் கீழிறக்கி முன்வயிற்றுச் சுவரில் தைத்து நிறுத்துவதும் உண்டு. நெஞ்செரிச்சல் மீதமிருக்கும், முறுக்கும் அபாயம் குறையும்.

பதில் 3:
மேல்வயிற்றில் கடும் வலி, ஓங்கரித்தும் வாந்தி வராமை, மூக்கு வழியே இரைப்பைக்குச் செலுத்தும் குழாய் இறங்காமை மூன்றும் சேர்ந்தால் இரைப்பை முறுக்கிக்கொண்டது என்று கொள்ளுங்கள். வீட்டில் முதல் இரண்டுதான் தெரியும், அதுவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பப் போதும்.

ஆபரேஷனுக்குப் பின் முதல் நாட்களில் ஓங்கரிப்பு தையலைப் பிய்க்கும். குமட்டலுக்கு முன்கூட்டியே மருந்து கேளுங்கள். சில வாரம் கஞ்சி, குழைந்த ரசம் சாதம். சோடா கூடாது. மாத்திரையைப் பொடிக்கும்முன் மருந்தாளரிடம் கேளுங்கள், மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவே கூடாது.