மறு: பீப்பாயில் வைத்த ரம்முக்கு என்ன சொல்? – "நாட்படு" வேண்டாம், "விளைந்த" என்போம்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை ஒரு மடல் விடாமல் படித்துவருகிறேன். பல ஆண்டு பீப்பாயில் வைத்து எடுக்கும் ரம்முக்கு "முதிர்வு ரம்", "மூத்த ரம்", "நாட்படு ரம்" என்று மூன்று முன்மொழிவுகள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு ஒரே குறைதான். மூன்றும் காலத்தை எண்ணுகின்றன. பீப்பாய்க்குள் நடப்பதை எதுவும் சொல்லவில்லை.

காலம் மட்டும் ஏன் போதாது என்பதற்கு ஒரு ரம்மையே எடுத்துக்கொள்கிறேன். ஜமைக்காவின் ட்ரெலானி வட்டாரத்தில் ஹாம்ப்டன் எஸ்டேட் இருக்கிறது. அங்கேயே 8 ஆண்டு பீப்பாயில் இருந்த ரம்மை 2018 முதல் தங்கள் பெயரிலேயே புட்டியில் அடைத்து விற்கிறார்கள். அதற்கு முன் நெடுங்காலம் அவர்கள் சரக்கு பீப்பாய் காணாமலே மொத்தமாக ஐரோப்பாவுக்குப் போய், வேறு மதுக்களுக்கு மணம் கூட்டப் பயன்பட்டது. ஸ்காட்லாந்தின் குளிரில் ஒரு பீப்பாய் விஸ்கி ஆண்டுக்கு 2 விழுக்காடு போல ஆவியாகும். ஜமைக்காவின் வெக்கையில் அது 6 விழுக்காட்டை ஒட்டிப் போகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 200 லிட்டர் நிரப்பினால், 8 ஆண்டு கழித்து ஸ்காட்லாந்தில் 170 லிட்டர் இருக்கும், ஜமைக்காவில் 122 தான் மிஞ்சும். அதே தீவின் ஆப்பிள்டன் 21 ஆண்டு ரம்முக்கு இந்தக் கணக்கை நீட்டினால் 55 லிட்டர்கூடத் தேறுமா என்பது ஐயம்தான். ஆக, இரண்டு புட்டியிலும் "8" என்று ஒரே எண் இருந்தாலும் மரமும் வெயிலும் செய்த வேலை ஒன்றல்ல. ஆண்டை மட்டும் சுமக்கும் சொல் இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

> புறநானூற்றில் ஔவையே "நாட்படு தேறல்" என்கிறாரே, அதைவிட நல்ல சான்று வேண்டுமா?

ஐயா, அழகான சான்று, மறுக்கவில்லை. ஆனால் இன்று "நாள்பட்ட" என்றதும் இருமலும் மூட்டுவலியும்தான் நினைவுக்கு வருகின்றன. சொல் பிறந்த இடத்தைப் போலவே அது இப்போது குடியிருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். "முதிர்வு" வங்கி வைப்புத்தொகைக்குப் போய்விட்டது.

சங்கப் பாட்டிலேயே நமக்கு இன்னொரு வினைச்சொல் இருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் கானவர் தம் சுற்றத்தோடு குடிப்பது "நீடமை விளைந்த" தேறல். அமை என்றால் மூங்கில். நெடிய மூங்கில் குழாய்க்குள் ஊற்றி வைத்த தேன் கள் அதற்குள்ளேயே "விளைகிறது". மரத்தாலான கலத்துக்குள் மது மாறுவதற்குத் தமிழ் அன்றைக்கே தேர்ந்த வினை இது! அந்தத் தேறல் வாலையில், அதாவது வடிக்கும் கலத்தில், இறக்கியதல்ல, புளிக்கவைத்த கள் என்பதை அறிவேன். ஆனால் நாம் பெயர் தேடுவது சரக்குக்கு அல்ல, கலத்துக்குள் நடக்கும் செயலுக்கு. அந்த வினை இன்றும் உயிரோடு இருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விளைந்த தேங்காய் என்கிறோம், நன்றாக விளைந்த தேக்கு என்கிறோம். அங்கெல்லாம் வயதும் இருக்கிறது, உள்ளே பருப்பும் வைரமும் ஏறியதும் இருக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: செயலுக்கு "விளைதல்", ஆண்டுகளுக்கு "விளைகாலம்", சரக்குக்கு "விளைந்த ரம்". "விளைவு" என்ற பெயர்ச்சொல்லை மட்டும் தொட வேண்டாம், பக்கவிளைவோடு போய் ஒட்டிக்கொள்ளும்.

"ஊறிய ரம்" என்று எழுதிய அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மரத்தின் சாரம் இறங்குவதை அது நன்றாகவே காட்டுகிறது. ஆனால் ஊறல் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே இந்தத் தொழிலில் ஓர் இடம் உண்டு. "சாராய ஊறல் அழிப்பு" என்று நாளிதழில் வாரத்துக்கு ஒரு செய்தியாவது பார்க்கிறோம். வடிப்பதற்கு முன் நொதித்துக் கிடக்கும் நீர்தான் ஊறல். அதை அங்கேயே விட்டுவிடுவோம். ஊறுதல், வடித்தல், விளைதல் என்று மூன்று படிக்கு மூன்று வினை இருந்தால் எழுதுகிறவர் தடுமாற மாட்டார். வடிக்கும் கலத்துக்குச் சித்த மருத்துவர்கள் சொல்லும் "வாலை" இருக்கும்போது புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

ஹாம்ப்டனில் இந்த ஊறல்தான் பாதிக் கதை. கடையில் வாங்கிய ஈஸ்ட்டை அவர்கள் சேர்ப்பதில்லை. காற்றிலும் பழைய மரத்தொட்டிகளிலும் குடியிருக்கும் நுண்ணுயிர்களே வந்து வேலை செய்கின்றன. வேறு ஆலைகளில் ஓரிரு நாளில் முடியும் நொதிப்பு இங்கே வாரக்கணக்கில் நீளும். அமிலம் கூடக் கூட, ஆல்ககாலோடு சேர்ந்து எஸ்டர்கள் பெருகும். பழ வாசம் தருபவை அவைதான்.

> வாலையில் மிஞ்சும் "டண்டர்" என்பதற்கு "உறைமோர்" பொருந்தும். அடுத்த ஊறலில் கலக்கிறார்களே.

இங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். டண்டர் வாலையில் கொதித்து மிஞ்சியது, அதில் உயிர் இல்லை. அது முக்கியமாகத் தருவது புளிப்பை. அதை "வாலையடி" என்று எளிமையாகச் சொல்லலாம். உயிரோடு இருப்பது "மக்" எனும் குழிச் சரக்கு. பாக்டீரியா பெருகிக் கிடக்கும் அந்தக் குழியிலிருந்து எடுத்துத்தான் ஊறலுக்கு அமிலத்தை ஏற்றுகிறார்கள். உறைமோரை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள், மிகப் பொருத்தம்.

சரி, சுவைக்கு வருவோம். போன மாதம் ஒரு நண்பர் வீட்டில் இந்த 8 ஆண்டு ரம்மைச் சிறிய கோப்பையில் ஒரு விரற்கடை ஊற்றி, கால் மணி நேரம் தொடாமல் வைத்திருந்தோம். மூக்கருகே கொண்டுபோவதற்குள்ளேயே அளிந்த அன்னாசி வந்துவிட்டது. பின்னால் தோல் கறுத்த வாழைப்பழம், புதிதாக வார்னிஷ் அடித்த கதவு, அப்புறம் மாவடு ஜாடியைத் திறந்ததும் வருமே அந்த உப்புநீர் வாசம். நாக்கில் முதலில் இனிப்பில்லை. மிளகுக் காரம், கருகிய வெல்லம், கடைசியில் ஓக் மரத்தின் துவர்ப்பு. விழுங்கிய பிறகும் அன்னாசி போகவில்லை. கழுவாமல் விட்ட கோப்பையை மறுநாள் காலையில் முகர்ந்தேன். பழமெல்லாம் பறந்துபோய், வனிலாவும் மரத்தூளும் மட்டும் அடியில் இருந்தன. ஊறல் தந்தது எது, மரம் தந்தது எது என்று அந்தக் காலிக் கோப்பைதான் எனக்குப் பிரித்துக் காட்டியது.

அந்த முதல் வாசத்தை ஒருவர் "துர்நாற்றச் சுவை" என்று எழுதியிருந்தார். மனம் ஒப்பவில்லை. ஜமைக்காக்காரர்கள் பெருமையோடு சொல்லும் வாசம் அது. "நெடி" நல்லதுக்கும் கெட்டதுக்கும் பொது, தாளிக்கும் மிளகாய்க்கும் சொல்கிறோம். "பழநெடி" என்று வைக்கலாம்.

ஆவியாகிப் போகும் பங்கை ஆங்கிலத்தில் தேவதைகளுக்கு எழுதிவைக்கிறார்கள். "தேவதைப் பங்கு" என்று அப்படியே கொண்டுவருவதில் எனக்கு உடன்பாடில்லை. நகைக்கடைக்குப் போன எவருக்கும் சேதாரம் தெரியும். செய்பொருளுக்காகப் போவது, கணக்கில் ஏற்றியே விலை சொல்வது. "ஆவிச் சேதாரம்" என்றால் ஆலைக் கணக்குப்பிள்ளைக்கும் புரியும்.

பீப்பாய்க்கும் ஒன்று. போர்பன் விஸ்கிக்கு உள்பக்கம் கரித்த புது ஓக் கலம்தான் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய அந்தக் கலங்களே கரீபியனுக்கு வருகின்றன. முதல் சரக்கு மரத்தின் முரட்டுத் துவர்ப்பை உறிஞ்சிவிடுவதால் ரம் கசக்காமல் விளைகிறது. புது தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இது. "பழக்கிய பீப்பாய்" போதும்.

கடைசியாக, அட்டையில் வரும் "1753 முதல் பாரம்பரியம்" என்ற வரி. அதைத் தமிழில் "தோட்டம் நிறுவப்பட்டது 1753" என்று மட்டும் எழுதுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த ஆண்டு அங்கே கரும்பு வெட்டியவர்களும் பாகு காய்ச்சியவர்களும் அடிமைகள். முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1 அன்றுதான் வந்தது. வனிலாவையும் அன்னாசியையும் சொல்லும் அதே மூச்சில் அந்தக் காலத்தை இனிப்பாக்கும் ஒரு சொல்லை நாம் எழுத வேண்டாம்.

இன்னும் எனக்கு அகப்படாத சொல் ஒன்று இருக்கிறது. ஹாம்ப்டன் வாலையின் கழுத்துக்கும் குளிர்விக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு செம்புக் கலங்கள் இருக்கும். முந்தைய வடிப்பின் சாரத்தை அவற்றில் ஊற்றி வைத்திருப்பார்கள். ஆவி அதனுள் புகுந்து மறுபடி கொதித்து ஏறும். "இடைவாலை" என்று எழுதிப் பார்த்தேன், நிறைவில்லை. தைலம் இறக்குகிறவர்களோ சித்த மருத்துவ அன்பர்களோ இப்படி இடையில் வைக்கும் கலத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தால் தயவுசெய்து இங்கே எழுதுங்கள்.