ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சையின் எழுத்துப் பகுதிக்குக் கொழும்பில் யாரிடம் படிக்கலாம்?

வணக்கம். என் தங்கச்சி தமிழ் மொழிமூலம் உயர்தரம் முடித்தவள். இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் நிபந்தனையோடு இடம் கொடுத்திருக்கிறது: ஐஈஎல்டிஎஸ் அகடமிக்கில் மொத்தம் 6.5, எந்தப் பகுதியிலும் 6க்குக் குறையக் கூடாது.

கேட்டல், வாசிப்பு, பேச்சு மூன்றிலும் பயமில்லை. எழுத்துதான் மாதிரிப் பரீட்சைகளில் 5.5ஐத் தாண்டுதில்லை. ஒரு மணித்தியாலத்தில் குறைந்தது 150 சொல்லில் ஒரு வரைபட விளக்கமும் குறைந்தது 250 சொல்லில் ஒரு கட்டுரையும் எழுத வேண்டும். கட்டுரைக்கு இரட்டிப்புப் புள்ளி. அவளிடம் கருத்து இருக்கிறது, அதை ஆங்கிலத்தில் கோர்த்து வாதமாக்கத்தான் தடுமாறுகிறாள். உயர்தரத்தில் பொது ஆங்கிலம், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளிக்குச் சேராததால் எங்கள் பிள்ளைகளில் பலர் அதைக் கவனிப்பதே இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் கட்டுரையைத் திருத்தி, ஏன் புள்ளி குறைந்தது என்று இருந்து சொல்லித் தரும் ஆசிரியர் யாரும் தெரியுமா? பெரிய வகுப்பு வேண்டாம், அதில் திருத்தமே கிடைக்காது.

அப்புறம், எழுத்தை மட்டும் திரும்ப எடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அந்தப் பெறுபேற்றை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்றதா? புள்ளி குறைந்ததால் பல்கலைக்கழகத்தின் ஆங்கில முன்பயிற்சி வகுப்பில் சேர்ந்தவர்கள் இருந்தால், செலவும் விசா விஷயமும் எப்படி என்று சொல்லுங்கள். அந்த முன்பயிற்சி வகுப்புக்கு யூகேவிஐ வகைப் பரீட்சைதான் (பிரித்தானிய விசாவுக்கென நடத்தப்படும் ஐஈஎல்டிஎஸ்) வேண்டும் என்றால், பணம் கட்ட முதலே முடிவெடுக்க வேண்டும்.