ஸ்கூல் ஹயர் பிள்ளையளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பறவை: சரக்கு முடிஞ்சு போச்சு, உதவி தேவை

சாம்பல்தீவு ஆட்டோ

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலையில ஆட்டோ ஓடுறவன். காலமை ஆறே முக்காலுக்குச் சாம்பல்தீவில ஏத்தத் தொடங்கி, அலஸ்தோட்டத்திலயும் உப்புவெளியிலயும் மிச்சப் பேரை அள்ளிக்கொண்டு, ஏழு இருவதுக்குள்ள டவுன் பள்ளிக்கூடங்களில இறக்கவேணும். எத்தினை பிள்ளையள் எண்டு இங்க கேக்காதேங்கோ, பொலிஸ்காரரும் வாசிப்பினம்.

தை மாசம் ஒரு நாள் சாம்பல்தீவுப் பாலத்தடியில முன்னுக்குப் போன லொறி பழுதாகி அரை மணித்தியாலம் மாட்டுப்பட்டு நிண்டம். பின்னுக்கு ஒரே கிள்ளுப்பாடும் அழுகையும். களப்புக்குள்ள ஒரு கொக்கு ஒற்றைக் காலில நிண்டது. "அது ஏன் மற்றக் காலை மடிச்சு வச்சிருக்கு, தெரியுமோ?" எண்டு சும்மா கேட்டன். சத்தம் அடங்கிப் போச்சு. காலில இறகு இல்லை, வெறுங் காலால உடம்புச் சூடு போகும், ஒண்டை வயித்து இறகுக்குள்ள செருகினா அந்தளவு சூடு மிச்சம் எண்டு சொன்னன். இறங்கும்வரைக்கும் எல்லாரும் ஒரு காலை மடிச்சுக்கொண்டு இருந்தினம். அண்டையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பறவை சொல்லவேண்டியதாப் போச்சு.

நல்லாத்தான் போனது. கியூபாவில தேனீ அளவில ஒரு ஓசனிச்சிட்டு இருக்கு, ரெண்டு கிராம்கூட வராது எண்டு சொல்லி, ஒரு அஞ்சு ரூபாக் குத்தியைக் கையில குடுத்து "இது அதைவிடப் பாரம்" எண்டன். அந்தக் குத்தி ஆள் மாறி ஆள் மாறிப் போய்க் கடைசியா எனக்குத் திரும்பி வரேல்ல.

பிறகுதான் பிழைச்சது. தீக்கோழி பயந்தா தலையை மண்ணுக்குள்ள புதைக்கும் எண்டு சொல்லிப்போட்டன். நான் சின்னனில படிச்சது அப்பிடி. தரம் 5 படிக்கிற ஒருத்தி இருக்கிறா, இந்த வருசம் புலமைப்பரிசில் எழுதப்போறா. நான் அவவுக்கு வாத்தியார் எண்டு பேர் வச்சிருக்கிறன். அவ ரெண்டு நிமிசம் யோசிச்சுப்போட்டு, "மாமா, அப்ப அது எப்பிடி மூச்சு விடும்?" எண்டு கேட்டா. நான் ஹோர்ன் அடிச்சுச் சமாளிச்சன். இப்ப எதைச் சொன்னாலும் பின்சீற்றில இருந்து கோரஸா "உண்மையோ மாமா?" எண்டு வருது.

அதால எனக்கு உண்மையான சங்கதி வேணும். மூண்டு நிமிசத்தில சொல்லி முடியோணும். ஏலுமெண்டா பிள்ளையள் தங்கட கண்ணால பாக்கக்கூடிய மாதிரி இருந்தா இன்னும் நல்லம்.

வெட்டிப்பயல்

கூகிள்ல அடிச்சா ஆயிரம் வரும் அண்ணை.

சாம்பல்தீவு ஆட்டோ

அந்த ஆயிரத்திலயும் தீக்கோழி மண்ணுக்குள்ளதான் தலையை வச்சிருக்குது தம்பி.

கிண்ணியான்

அண்ணன், தீக்கோழி விசயத்துக்கு முதல்ல ஒரு முடிவு கட்டுங்க. அது நிலத்தில பள்ளம் தோண்டி அதுக்குள்ளதான் முட்டை இடும். ஒரு முட்டை ஒண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும். அதுகளைச் சொண்டால புரட்டி விடத் தலையைக் குனியும். தூரத்தில நிண்டு பாக்கிறவனுக்குத் தலையைக் காணல்ல. ஆபத்து வந்தா கழுத்தை நிலத்தோட நீட்டிப் படுக்கிறதும் உண்டு. அந்தக் கதை இதுகளால வந்திருக்கும். ஓட வேண்டி வந்தா மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில ஓடும், உங்கட ஆட்டோவால எட்டிப் பிடிக்க ஏலாது. அதின்ட ஒரு கண்ணே அதின்ட மூளையை விடப் பெரிசு. இதையும் சொல்லி வாத்தியாரிட்ட மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்க.

இன்னொண்டு தாறன், இது என்ட பிள்ளைகளுக்கு நான் பத்துத் தரமாவது சொன்னது. பட்டைவால் மூக்கன் என்டு ஒரு கரைப்பறவை, நீட்டுச் சொண்டு. ஒண்டின்ட முதுகில சின்னக் கருவி ஒண்டை வச்சுப் பாத்தாங்க. 2022 ஒக்டோபரில அலாஸ்காவில எழும்பி அவுஸ்திரேலியாவின்ட தாஸ்மானியாவில போய் இறங்கிச்சு. 13,560 கிலோமீற்றர், 11 நாள். நடுவில எங்கயும் இறங்கல்ல, சாப்பாடு இல்ல, தண்ணி இல்ல. கடல்ல இறங்கி மிதக்கவும் அதால ஏலாது, விழுந்தா மௌத்துதான். திருமலையிலிருந்து கொழும்பு 260 கிலோமீற்றர் என்டு வைங்க, 52 தரம் போற தூரம். அதைப் பறந்தது அஞ்சு மாசக் குஞ்சு! புறப்பட முதல் கொழுப்பேத்தி உடம்பை ஊதவைக்கும், குடலைச் சுருக்கிக் கொள்ளும். வழியில சாப்பாடு இல்லையென்டா குடல் என்னத்துக்குச் சுமை?

என்ட சின்னவன் கேட்ட கேள்வி: "வாப்பா, அது மூத்திரம் போகாதா?" அதுக்கும் ஆயத்தமா இரிங்க. பறவைக்கு மூத்திரப் பை இல்ல, எல்லாம் ஒரே வழியாத்தான். எச்சத்தில வெள்ளையா இரிக்கிற பகுதிதான் அதின்ட மூத்திரம்.

பக்திமான்

அன்னப்பறவை பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் குடிக்கும். நம் முன்னோர் சொன்னது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

சாம்பல்தீவு ஆட்டோ

ஐயா, கவிதைக்கு அது அழகு. வாத்தியார் அடுத்த நாள் ஒரு போத்தல் பாலோட அன்னத்தைத் தேடுவா. மன்னிக்கோணும்.

உவர்மலை அம்மா

தம்பி, என்ர வீட்டு விறாந்தையில நடந்ததைச் சொல்லுறன். ரெண்டு வருசத்துக்கு முதல், ஐப்பசி மழை தொடங்கின கிழமை, காலமை கதவைத் திறந்தா பூச்சாடிக்குப் பின்னால ஒரு குருவி ஒடுங்கிப்போய் இருக்குது. முதுகு பச்சை, கண்ணுக்குக் கறுப்புப் பட்டை, தொண்டை வெள்ளை, செட்டையில நீலத் துண்டு, வாலடி செக்கச்செவேலெண்டு சிவப்பு. ஆரோ பிள்ளை தீட்டுப்பெட்டியைக் கொட்டின மாதிரி. கையில எடுத்தா நெஞ்சு படபடவெண்டு அடிக்குது, பாரமே இல்லை. சப்பாத்துப் பெட்டியில துணி விரிச்சு வச்சு, மூடியைக் கொஞ்சம் திறந்து விட்டன். பின்னேரம் போய்ப் பாத்தா ஆளில்லை.

அதுதான் ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரப் பக்கம் இருந்து இரவில பறந்து, கடலையும் தாண்டி இங்க வரும். வந்த களைப்பில சிலது இப்பிடி வீடு வளவுக்குள்ள விழுறது உண்டு. விடியவும் பின்னேரமும் ஆறு மணிக்குக் கிட்ட ரெட்டைச் சீழ்க்கை அடிக்கிறதால இந்தப் பேர். சித்திரை மட்டில திரும்பிப் போயிடும். ஐப்பசி தொட்டு உங்கட பிள்ளையள் காலமை வெளிக்கிடேக்க காதைக் குடுத்துக் கேக்கலாம்.

குயிலையும் விட்டுடாதேங்கோ. ஏழு மணிக்குக் கூவுற குயிலைக் கேட்டா எல்லாரும் பெட்டைக் குயில் எண்டுதான் நினைக்கினம், பாட்டுக்காரியளுக்குப் பட்டமும் அப்பிடித்தானே குடுக்கினம். கூவுறது கறுத்த ஆண். பெட்டை புள்ளி புள்ளியா இருக்கும், அது கிக்கிக் எண்டு கத்தும். அதுதான் களவாக் காகக் கூட்டில முட்டையை விட்டுட்டுப் போற ஆள்.

திருமலையான், டொரன்டோ

அண்ணை, நீங்கள் பாலத்தடி எண்டு எழுதினவுடன எனக்கு அந்தச் சேத்து மணமே வந்திட்டுது. நானும் ஒண்டு போடுறன்.

புறா நடக்கேக்க தலையை முன்னுக்கும் பின்னுக்கும் ஆட்டுதெல்லே? இங்க ஒன்டாரியோவில கிங்ஸ்டன் எண்ட ஊரில குயின்ஸ் பல்கலைக்கழகம் இருக்கு. அங்க 1978இல ஒரு விஞ்ஞானி புறாவை ஜிம்மில ஓடுற மெஷின் மாதிரி ஒரு பட்டியில நடக்க விட்டுப் பாத்தார். கால் நடக்குது, ஆனா இடம் மாறேல்ல. தலையாட்டு நிண்டு போச்சு! அதாவது அது தாளத்துக்கு ஆட்டுறதில்லை. உடம்பு முன்னுக்குப் போகேக்க தலையை ஒரே இடத்தில பிடிச்சு வச்சிருக்குது, பிறகு ஒரு எட்டில முன்னுக்குக் கொண்டுபோய் அங்க நிப்பாட்டுது. பாக்கிற காட்சி ஆடாமல் இருக்க. பிள்ளையளை ஆட்டோவுக்கு வெளியில பாத்துக்கொண்டு வரச் சொல்லுங்கோ. அவையின்ர கண்ணும் ஒவ்வொரு லைற்போஸ்ற்றாப் பிடிச்சுப் பிடிச்சு விடும். பக்கத்தில இருக்கிறவரின்ர கண்ணைப் பாத்தா விளங்கும்.

புறாமலைப் படகு

தம்பி, நான் நிலாவெளியில இருந்து புறாமலைத் தீவுக்கு ஆக்களை ஏத்தி இறக்கிறவன், இருவத்திரண்டு வருசம். வாறவையெல்லாம் பவளப்பாறையும் சுறாவும் பாக்கத்தான் வருவினம். பேர் புறாமலை, புறாவை ஒருத்தரும் அண்ணாந்து பாக்கிறேல்ல. அந்தக் கோபத்தில எழுதுறன்.

அங்க பாறை இடுக்குகளில இருக்கிறது மாடப்புறா. சாம்பல் உடம்பு, செட்டையில ரெண்டு கறுப்புக் கோடு, கழுத்தில மண்ணெண்ணெய் பட்ட மாதிரி பச்சையும் ஊதாவும் மினுங்கும். உங்கட டவுன் அரிசிக்கடைக் கூரையில இருக்கிறதும், டொரன்டோத் தம்பியின்ர ஊரில இருக்கிறதும் இந்தச் சாதியின்ர வழிதான். மனுசர் பிடிச்சு வளத்து, பிறகு தப்பிப்போனதுகள். பாறை இடுக்குக்குப் பதிலா மாடி விளிம்பு, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்ப பிள்ளையளிட்ட ஒரு கேள்வி கேளுங்கோ. இத்தினை புறா பாக்கிறம், புறாக் குஞ்சை ஆராவது கண்டிருக்கிறீங்களோ? ஒருத்தரும் கண்டிருக்காயினம். குஞ்சு ஒரு மாசமளவு கூட்டுக்குள்ளயே கிடந்து, தாய் தேப்பன் அளவுக்கு வளந்தாப் பிறகுதான் வெளியில வரும்.

அந்தக் குஞ்சுக்கு முதல் சில நாள் என்ன தீன்? பால்! நான் பகிடி விடேல்ல. புறாவின்ர கழுத்தடியில தீன்பை ஒண்டு இருக்குது, அதின்ர உள்தோல் தடிச்சு, உரிஞ்சு, வெள்ளைக் கட்டியா வரும். எங்கட தயிர்க் கட்டி மாதிரி, மாட்டுப் பால் மாதிரி ஓடாது. குஞ்சு தாயின்ர வாய்க்குள்ள சொண்டை விட்டு எடுக்கும். தாய் மட்டுமில்லை, தேப்பனும் குடுக்கும், ரெண்டுக்கும் பால் வரும். உலகத்தில இந்த வேலை பாக்கிற பறவையள் மிச்சம் குறைவு. பூநாரை குடுக்கும், அதின்ர பால் சிவப்பு. குஞ்சு வளக்கிற காலத்தில தாய் தேப்பனின்ர செந்நிறம் மங்கிப் போகும், நிறமெல்லாம் பாலோட போறதால. மற்றது அந்தாட்டிக்காவில இருக்கிற பேரரசப் பெங்குவின். ஆண் ரெண்டு மாசத்துக்கு மேல முட்டையைக் காலில வச்சுக்கொண்டு பட்டினியா நிக்கும். பெட்டை கடலால திரும்ப முதல் குஞ்சு பொரிச்சா, நாலு மாசமளவு சாப்பிடாத அந்த ஆள்தான் தொண்டையில பால் சுரந்து குடுக்கும்.

கண்ணால பாக்கிறதுக்கு இது: கோழி தண்ணி குடிச்சா ஒரு மிடறு எடுத்துத் தலையை மேல தூக்கும், பிறகு குனியும். புறா அப்பிடியில்லை. சொண்டை வச்சா வச்சதுதான், எங்களைப்போல உறிஞ்சிக் குடிக்கும். மழை பெஞ்ச அடுத்த நாள் அரிசிக்கடை வாசலில ஆட்டோவை ஓரம் கட்டுங்கோ.

ஒரு நாளைக்குப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, எரிபொருள் காசு மட்டும் தந்தாக் காணும். பாறையில ஏற விடமாட்டன், அது கூடு கட்டுற இடம்.

சாம்பல்தீவு ஆட்டோ

எல்லாருக்கும் பெரிய நன்றி. இந்தக் கிழமை நடந்ததைச் சொல்லோணும்.

திங்கள் தீக்கோழிக்கு மன்னிப்புக் கேட்டன். வாத்தியார் "பரவாயில்லை மாமா, எங்கட புத்தகங்களிலயும் பிழை வரும்" எண்டு பெருந்தன்மையா விட்டா. செவ்வாய் மூக்கன். கிண்ணியா அண்ணன், நீங்கள் சொன்ன கேள்வி சொல்லி வச்ச மாதிரி மட்டிக்களியடியில வந்தது, பதிலும் குடுத்தன். அண்டு முழுக்க ஆட்டோவுக்குள்ள காக்கா எச்சக் கதைதான்.

புதன் காலமை மழை விட்டிருந்தது. அரிசிக்கடைக்கு எதிர்ப்பக்கம் ஓரம் கட்டினன். கான் ஓரத்தில தேங்கின தண்ணியடிக்கு ஏழெட்டுப் புறா வந்து நிண்டுதுகள். ஒண்டு குனிஞ்சு சொண்டை வச்சது. பின்னுக்கு எல்லாரும் ஒண்டாச் சேந்து எண்ணத் தொடங்கினவை: ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. தலை தூக்கேல்ல. தொண்டை மட்டும் ஏறி இறங்குது. அஞ்சுக்குத்தான் நிமிந்தது. ஒரு கைதட்டு எழும்பிச்சுது பாருங்கோ, புறாவெல்லாம் பறந்து போட்டுது, கடைக்காரர் வெளியில வந்து எட்டிப் பாத்தார். ஏழு நிமிசம் பிந்தி இறக்கினன், வாசலில நிண்ட மாணவத் தலைவியிட்ட பேச்சும் வாங்கினன். வாத்தியார் இறங்கேக்க "இது உண்மை மாமா" எண்டுட்டுப் போனா.

வியாழன்தான் புறாப் பால். அங்கதான் பிசகினது. இரவு எட்டு மணிக்கு அலஸ்தோட்டத்துச் சின்னவனின்ர தாய் கோல் எடுத்தா. "அண்ணை, நீங்கள் என்ன கதை சொல்லி விட்டனீங்கள்? என்ர பால் மாத் தேத்தண்ணியைத் தள்ளி வச்சுப்போட்டு, தேப்பன் தொண்டையில பால் வச்சிருக்கிறாராம், அதுதான் வேணுமெண்டு அவற்ற வாயைத் திறந்து பாத்துக்கொண்டு நிக்கிறான்."

பின்னுக்குத் தேப்பன் சிரிக்கிற சத்தமும் கேட்டது, அதால தப்பினன்.

நாளைக்கு வெள்ளி. பால், முட்டை, மூத்திரம் ஒண்டும் இல்லாத ஒரு பறவை ஆரிட்டயும் இருந்தா விடிய ஆறரைக்கு முதல் போட்டு விடுங்கோ.

கிண்ணியான்

ஆந்தை அண்ணன். நமக்குக் கழுத்தில 7 எலும்பு, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7. ஆந்தைக்கு 14. கண் முழி அசையாது, அதனால தலையை 270 பாகை வரைக்கும் திருப்பும். ஆனா ஒண்டு, ஆட்டோ ஓடிக்கொண்டு இரிக்கக்குள்ள நீங்க திருப்பிக் காட்ட வேணாம்.