புதுப்பிப்பு: குதிரை கஃப்லிங்க் மாட்டியாச்சு

செஸ் குதிரை வடிவ கஃப்லிங்க் (முழுக்கைச் சட்டையோட கை முனையில பட்டனுக்குப் பதிலா மாட்டுறது) வாங்கிட்டேன், என் சட்டைக் கையெல்லாம் பட்டன் வெச்சது, என்ன பண்றதுன்னு போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

திருவல்லிக்கேணி டெய்லர் அண்ணன் பட்டனைப் பிரிச்சிட்டு, அந்த இடத்துலயே இன்னொரு காஜா எடுத்துக் கொடுத்தார். ரெண்டு ஓரத்தோட உள்பக்கமும் ஒட்டுற மாதிரி சேர்த்து, காம்பை நுழைச்சு, முனையில இருக்கிற குட்டிக் கட்டையைக் குறுக்கே திருப்பினா கச்சிதமா நிக்குது. ஆனா கை முனையை ரெண்டா மடிச்ச இரட்டைக் கஃப்லதான் குதிரைக்கு எடுப்பு. அடுத்த சட்டை அப்படித்தான் தைக்கணும்.

பித்தளை கஃப்லிங்க் நம்ம சென்னைக் கடல் காத்துக்குக் கறுக்கும். கழட்டினதும் வியர்வையைத் துடைச்சு ஜிப் கவர்ல போட்டுடுங்க.

2022 செஸ் ஒலிம்பியாடுக்காக நேப்பியர் பாலத்துல கறுப்பு வெள்ளைக் கட்டம் அடிச்சப்போ பிடிச்ச ஆசை இது. அடுத்து, நான் வாசிக்கிற மிருதங்கத்தோட வடிவத்துல ஒரு கஃப்லிங்க் தேடிட்டிருக்கேன்.