வாங்கிய மூன்றாம் நாளே பார்வோ வைரஸ் தொற்று, நாய்க்குட்டி இறந்துவிட்டது: பண்ணைக்காரரிடம் எப்படிப் பேசுவது?

புங்கோல்வாசி

போன சனிக்கிழமை உரிமம் உள்ள ஒரு நாய்ப்பண்ணையில் பத்து வார டாய் பூடில் குட்டி வாங்கினோம், 3,800 சிங்கப்பூர் வெள்ளி. செவ்வாய் காலை சாப்பிடவில்லை, இரவில் வாந்தி, புதன்கிழமை ரத்தம் கலந்த பேதி. கிளினிக்கில் எடுத்த துரிதச் சோதனையில் பார்வோ என்று வந்தது. டிரிப்ஸ் ஏற்றியும் வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டது. பில் 2,900 வெள்ளி.

"ரெண்டு ஊசி போட்டுத்தான் கொடுத்தோம், உங்க புளோக் கீழதான் தொத்தியிருக்கும்" என்கிறார் விற்றவர். குட்டியை நாங்கள் கீழே இறக்கவே இல்லை, வீட்டில் வேறு நாயும் இல்லை. ஒப்பந்தத்தில் 'பணம் திரும்பத் தரப்படாது, நோயால் இறந்தால் வேறு குட்டி மட்டும்' என்று இருக்கிறது. அடுத்த வாரமே வேறு குட்டி தருவதாகச் சொல்கிறார். உடல் கிளினிக்கில் இருக்கிறது, நாளை தகனம். எங்கிருந்து தொடங்குவது?

ஈசூன் வெட்நர்ஸ்

தகனத்தை இன்றே தள்ளிப் போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். உடல் 4 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. உறைந்தால் திசுவுக்குள் பனிக்கட்டி கட்டிச் செல்கள் உடைந்துவிடும், நுண்ணோக்கியில் வைத்துப் படிக்க ஒன்றும் மிஞ்சாது. குளிரில் இருந்தாலும் குடல்தான் முதலில் அழுகும், அதனால் ஒரு நாளுக்குள் மாதிரி எடுத்தால் நல்லது.

முழுப் பிரேதப் பரிசோதனைக்குச் செலவாகும். முதலில் டாக்டரிடம் விலை கேளுங்கள். அது முடியாவிட்டால் சிறுகுடலில் மூன்று நான்கு துண்டுகளை மட்டும் எடுத்து, அவற்றைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் திரவம்) போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். கூடவே ஃபார்மலின் படாத ஒரு துண்டும் மலமும் பிசிஆருக்கு (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) வேண்டும். பார்வோ என்றால் குடல் சுவரின் குழிகளில் உள்ள செல்கள் செத்துக் கிடப்பது தெரியும். அந்த அறிக்கை கையில் இருந்தால் விற்றவர் பேச்சை மாற்றுவது கஷ்டம்.

டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதமும் வாங்குங்கள். முதலில் பார்த்த தேதி, எடை, அறிகுறிகள், எந்தச் சோதனை, என்ன முடிவு, ரத்த அணுக்கள் எண்ணிக்கை, இறந்த தேதி, காரணம், எல்லாம் அதில் வர வேண்டும். கடைசி வரிதான் முக்கியம்: தொற்று வீட்டுக்கு வருவதற்கு முன்பே நிகழ்ந்திருக்க வாய்ப்பு அதிகமா, இல்லையா. பார்வோ உடலில் புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக 3 முதல் 7 நாள், சில குட்டிகளில் 14 நாள் வரை ஆகும். சனி வந்து செவ்வாய் படுத்துவிட்டது என்பதால் கணக்கு உங்கள் பக்கம் நன்றாகவே நிற்கிறது. பத்தாம் நாள் படுத்திருந்தால் இதே வாதம் ரொம்ப பலவீனமாகியிருக்கும்.

சட்டம்_தெரிந்தவர்

சட்டத்தின் கண்ணில் குட்டி ஒரு பொருள். கேட்கக் கசக்கும், ஆனால் உங்களுக்கு வழி அதில்தான் இருக்கிறது. பண்ணை தொழிலாக விற்கிறது, அதனால் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி விற்றது திருப்திகரமான தரத்தில் இருக்க வேண்டும். வாங்குபவர் சாதாரணப் பயனீட்டாளர் என்றால், அந்தப் பொறுப்பை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக் கழற்றிவிட முடியாது. நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆகவே 'வேறு குட்டி மட்டும்' என்ற வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள்.

பலர் எடுத்தவுடன் 'லெமன் லா' (குறையுள்ள பொருளை விற்றால் பரிகாரம் தரும் சட்டம்) என்று ஆரம்பிக்கிறார்கள். இந்த விஷயத்தில் நான் அதை முதல் வரியில் போட மாட்டேன். 6 மாதத்துக்குள் தெரிந்த குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளலாம் என்பது உண்மைதான், ஆனால் பொருளின் தன்மைக்குப் பொருந்தாவிட்டால் அந்த அனுமானம் நிற்காது என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. உயிருள்ள பிராணி என்று விற்றவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். தவிர, அதில் முதல் பரிகாரமே பழுதுபார்ப்பது அல்லது மாற்றித் தருவது. அவர் நீட்டுவதும் மாற்றுக் குட்டியைத்தானே! நீங்கள் கேட்க வேண்டியது விலையும் வைத்தியச் செலவும், 14ஆம் பிரிவை மீறியதால் வந்த நேரடி நஷ்டம் என்று.

முதலில் எழுத்தில் கோரிக்கை அனுப்புங்கள், 14 நாள் கெடு போதும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாகப் பேச வேண்டாம், எழுத்தாகவே போகட்டும். பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸ் வழியாகச் சமரசம் பேசலாம், அல்லது நேரே சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளைம்ஸ் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் வர முடியாது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வைத்து இணையத்திலேயே பதியலாம். உங்கள் 6,700 வெள்ளிக்குப் பயனீட்டாளர் கட்டணம் 20 வெள்ளிதான். எதிர்மனுதாரர் பெயரைக் கடைப் பலகையில் உள்ளபடி போடாமல், நிறுவனங்களைப் பதியும் அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் யுஇஎன் என்ற பதிவு எண்ணைத் தேடிப் பதிவுப் பெயரைப் போடுங்கள். பெயர் தவறினால் கையில் வரும் தீர்ப்பை நிறைவேற்றும்போதுதான் சிக்கல் தெரியும்.

புங்கோல்வாசி

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. தகனத்தை நிறுத்திவிட்டேன். இப்போது விற்றவர் புதிதாக ஒன்று சொல்கிறார். இரண்டாவது ஊசி விற்பதற்கு ஐந்து நாள் முன்புதான் போட்டதாம், சோதனையில் வந்தது ஊசி மருந்தின் கிருமியாம். அப்படியும் நடக்குமா?

ஈசூன் வெட்நர்ஸ்

சோதனையில் காட்டலாம். உயிருள்ள கிருமியை வலுக்குறைத்துச் செய்த ஊசி அது, போட்ட பிறகு சில நாள் மலத்தில் கொஞ்சம் வெளியேறும், சோதனைக் கருவியில் கோடு மங்கலாக விழலாம். ஆனால் அது ரத்தபேதி வரவைத்துக் குட்டியைக் கொல்லாது. புதன்கிழமை எடுத்த ரத்தப் பரிசோதனையில் வெள்ளை அணுக்கள் எவ்வளவு என்று பாருங்கள். மிகக் குறைந்திருந்தால் அது உண்மையான பார்வோவின் போக்கு. குடல் அறிக்கையும், பிசிஆரில் கிருமியின் அளவும் சேர்ந்தால் அவர் சொல்வது எடுபடாது.

"ரெண்டு ஊசி போட்டாச்சு" என்பதும் பதில் ஆகாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசியை அதுவே முறித்துவிடும். அதனால்தான் கடைசி ஊசியை 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ போடச் சொல்கிறார்கள். ஊசி அட்டையை இன்னொரு முறை பாருங்கள்: மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரில் பேட்ச் எண், பக்கத்தில் கிளினிக் முத்திரை, டாக்டர் கையெழுத்து. ஸ்டிக்கர் மட்டும் ஒட்டிக் கையெழுத்து இல்லையென்றால், அந்த ஊசியை யார் போட்டது என்று எழுத்தில் கேளுங்கள். 15 இலக்க மைக்ரோசிப் எண் அட்டையிலும் ஒப்பந்தத்திலும் ஒன்றாக இருக்கிறதா என்பதும் முக்கியம்.

தோபாயோ அக்கா

தம்பி, மாற்றுக் குட்டியை இப்போது வீட்டுக்குள் விடாதீங்க. இந்தக் கிருமி வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆல்கஹால் தெளித்தால் சாகாது. முதலில் சோப்பு போட்டு அழுக்கு, கழிவு எல்லாம் போகக் கழுவணும், அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 33 மில்லி வீட்டுப் பிளீச், தரை பத்து நிமிஷம் ஈரமாகவே இருக்கணும். கழிப்பறை ஆசிட்டோடு கலந்துடாதீங்க, விஷவாயு வரும். மெத்தை, துணிப் பொம்மையைக் கட்டித் தூக்கிப் போடுங்க. பின்னாடி எப்போது குட்டி எடுத்தாலும் 16 வார ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆனதாகப் பாருங்க.

அவர் பணம் தர ஒத்துக்கொண்டு 'முழு இறுதித் தீர்வு' என்று தாள் நீட்டினால், தொகை கணக்கில் ஏறும் தேதி அதில் இருக்கணும். 'யாரிடமும் பேசக்கூடாது' என்ற வரி இருந்தால், விலங்குகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஏவிஎஸ்ஸிடம் புகார் செய்வதற்கு அது பொருந்தாது என்று எழுதச் சொல்லுங்க. அதே ஈற்றில் மற்ற குட்டிகளும் படுத்திருக்கலாம், ஏவிஎஸ்ஸுக்குச் சீக்கிரம் தெரிந்தால்தான் பண்ணையைப் போய்ப் பார்ப்பாங்க. கோபத்தில் அவருடைய ஃபோன் நம்பரையும் வீட்டு முகவரியையும் ஃபேஸ்புக்கில் போட்டுடாதீங்க. துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டத்தில் அது உங்கள் மேலேயே திரும்பலாம்.

குட்டியின் லைசென்ஸ் உங்கள் பெயருக்கு மாறியிருந்தால், இறந்ததை ஏவிஎஸ்ஸின் பால்ஸ் என்ற பிராணி உரிமத் தளத்தில் பதிந்துடுங்க. அந்தப் பதிவையும் கோரிக்கையோடு இணைச்சிடுங்க.